வளையம் விழாத பிளேட்

ஜூன் 3, செவ்வாய்

வளையம் விழுந்துவிட்டது.

காலையில் கிருமி வளர்க்கும் இன்குபேட்டரைத் திறந்ததும் நஸ்ரினைத்தான் கூப்பிட்டேன். என் கண்ணை நானே நம்பவில்லை. அவளும் என்னைப் போல இதே ஆய்வகத்தில் முனைவர் பட்டத்துக்கு உழைப்பவள். எதையும் லேசில் ஒப்புக்கொள்ளாதவள். பிளேட்டைத் தூக்கி ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, "விழுந்திருக்கு ஆவுடை" என்றாள். அதற்குப் பிறகுதான் நானும் நம்பினேன்.

வீட்டில் அம்மாவுக்கும் அப்பாவுக்கும் விளக்கினேன். பிளேட்டில் கிருமி பாலாடை மாதிரி பரவி வளரும். அதன் மேல் ஆன்டிபயாட்டிக் ஊறிய பொட்டளவு காகிதத்தை வைத்தால், சுற்றிலும் கிருமி செத்து வெற்று வளையம் தெரியும். மருந்துக்குப் பழகிப்போன கிருமி என்றால் வளையம் விழாது. பொட்டின் விளிம்புவரை ஆடை படர்ந்துவிடும். என்னிடம் இருப்பது அப்படிப்பட்ட கிருமி, புண்ணில் சீழ் வைக்கிற ஸ்டெஃபைலோகாக்கஸ். மருந்து மட்டும் வைத்த பொட்டில் வளையம் இல்லை. குப்பைமேனி இலைச்சாறு மட்டும் வைத்த பொட்டிலும் இல்லை. இரண்டையும் சேர்த்து வைத்ததில் விழுந்திருக்கிறது.

அம்மா தலையாட்டிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள். அப்பா மட்டும் முழுதாகக் கேட்டார்.

"குப்பைமேனியா? நம்ம ரயில்வே கேட்டு பக்கம் மண்டிக் கெடக்கே, அதா?"

"அதேதான்ப்பா."

"வேரா, இலையா?"

"இலை."

புதுச் செருப்பு கடித்து அப்பாவின் வலது பெருவிரலுக்குக் கீழே புண்ணாகியிருக்கிறது. சர்க்கரை உடம்பு. டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரை வயிற்றை எரிக்கிறது என்கிறார். எரிந்தாலும் போட வேண்டும் என்றேன். புண்ணைத் துடைத்துக் கட்டுப் போட்டுவிட்டேன்.

ஜூன் 5, வியாழன்

மறுபடி செய்தேன். மறுபடி விழுந்தது. என் நெறியாளர் ரோஸ்லின் மேடம் கைகுலுக்கினார். சேர்ந்த நாளிலிருந்து இதுதான் முதல் தடவை.

ஜூன் 9, திங்கள்

பத்திரிகையிலிருந்து ஒரு நிருபர் வந்தார். மேடம் ஏற்பாடு. ஆய்வுத் திட்டத்தை நீட்டிப்பதா வேண்டாமா என்று அடுத்த மாதம் முடிவு செய்யப்போகிறார்கள்; இந்த நேரத்தில் பெயர் வெளியே வந்தால் நல்லது என்றார். நிருபர் நல்ல பையன். இலையை எங்கே பறித்தேன், எப்படி இந்த யோசனை வந்தது என்றெல்லாம் கேட்டார். வெள்ளைக் கோட்டோடு படம் எடுத்துக்கொண்டார்.

எழுதியதை மாலையே வாட்ஸ்அப்பில் அனுப்பினார். பேருந்தில் நின்றபடி பார்த்தேன். சரி என்று பதில் போட்டேன்.

ஜூன் 11, புதன்

"மருந்துக்கு அடங்காத கிருமியை வீழ்த்தும் குப்பைமேனி: பாளையங்கோட்டை ஆய்வு மாணவி சாதனை."

படம் நன்றாக வந்திருக்கிறது. நஸ்ரின் முழுவதையும் படித்துவிட்டு, "ஆன்டிபயாட்டிக்கோட சேத்துன்னு எங்கயுமே இல்லையே" என்றாள். மேடத்திடம் சொன்னேன். "பத்திரிகையில அப்படித்தான் போடுவாங்க. நம்ம கட்டுரையில சரியா இருந்தா போதும்" என்றார். அவர் சொல்வதும் நியாயம்தான். ஆராய்ச்சியை யாரும் செய்தித்தாளில் படிப்பதில்லை.

அப்பா காலையிலேயே டீக்கடைக்கு எடுத்துப் போயிருக்கிறார். பேருந்து ஓட்டிய காலத்துக் கூட்டாளிகள் எல்லாருக்கும் வாசித்துக் காட்டினாராம். "உச்சிமாகாளி மவளா இதுன்னு கேட்டான் பாரு, அந்த டெப்போ கணபதி. அவன் மூஞ்சியப் பாத்திருக்கணும் நீ" என்று சாப்பிடும்போது சொல்லிச் சொல்லிச் சிரித்தார். அப்பா இவ்வளவு சிரித்து நான் பார்த்ததில்லை.

ஜூன் 14, சனி

சிலிண்டர் பதிந்தேன். ஆய்வகத்துக்கு உடுத்திப்போகச் சேலையைத் தவிர வேறு எதுவும் தேறவில்லை, துணி துவைக்க வேண்டும். நாளை ஆய்வேட்டின் மூன்றாம் அத்தியாயத்தை முடித்தாக வேண்டும்.

மிக்ஸி ஜார் கழுவாமல் கிடந்தது, அடியில் பச்சையாக. கேட்டதற்குக் கொத்தமல்லித் துவையல் என்றாள் அம்மா. எனக்கு வைக்கவில்லை. தீர்ந்துவிட்டதாம்.

அப்பாவுக்குக் கட்டு மாற்ற உட்கார்ந்தேன். "நீ ஓயாம வேலை பாக்க. நானே கட்டிக்கிட்டேன், போ" என்றார். பார்த்தால் நன்றாகத்தான் கட்டியிருந்தார். வலி இல்லையாம். வயிற்று எரிச்சலும் நின்றுவிட்டதாம்.

ஜூன் 17, செவ்வாய்

அம்பாசமுத்திரத்திலிருந்து ஒரு பெண் போனில் கூப்பிட்டாள். கல்லூரியில் கேட்டு என் எண்ணை வாங்கியிருக்கிறாள். அவள் அம்மாவுக்கு முதுகில் ராஜபிளவை, பெரிய சீழ்க்கட்டி. குப்பைமேனிச் சாறு எத்தனை அவுன்ஸ் கொடுக்க வேண்டும் என்று கேட்டாள்.

"குடுக்கக் கூடாதும்மா. டாக்டர் என்ன மருந்து குடுத்திருக்காவளோ அத நிறுத்தாதீங்க. அந்த இலை தனியா ஒண்ணும் செய்யாது" என்றேன். அவளுக்குப் புரியவில்லை. "பேப்பர்ல நீங்கதானே சொல்லியிருக்கிய" என்றாள். திரும்பத் திரும்பச் சொன்னேன். குரல் உயர்ந்துவிட்டது போலிருக்கிறது, அடுக்களையிலிருந்து அம்மா எட்டிப் பார்த்தாள். நாற்காலியில் உட்கார்ந்திருந்த அப்பா எழுந்து வாசலுக்குப் போய்விட்டார். நடை கொஞ்சம் சாய்ந்த மாதிரி இருந்தது.

நிருபரைக் கூப்பிட்டுக் கேட்டேன். "உங்ககிட்ட அனுப்பித்தானே மேடம் போட்டோம், நீங்க ஓகே சொன்னீங்களே" என்றார். பேருந்தில் கூட்டம். வெயிலில் திரை சரியாகத் தெரியவில்லை. அதை அவரிடம் சொல்லவில்லை.

ஜூன் 20, வெள்ளி

பகல் இரண்டு மணிக்கு அம்மா கூப்பிட்டாள். "அப்பாவுக்கு ஒடம்பு அனலாக் கொதிக்கு. பேச்சு ஒரு மாதிரி வருது." நான் வருவதற்குள் பக்கத்து வீட்டு ஆட்டோ வாசலில் நின்றது.

கட்டை நான்தான் அவிழ்த்தேன். முதலில் பச்சை. அரைத்த இலை காய்ந்து பொருக்காக ஒட்டியிருந்தது. அதற்குக் கீழே பெருவிரலும் அடுத்த விரலும் கறுப்பு. பாதம் வீங்கி மினுமினுத்தது. நாற்றம் என்னவென்று எனக்குத் தெரியும். நாள்தோறும் மூடி திறந்து முகர்கிற நாற்றம்தான்.

"இது என்னதும்மா?"

அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "பேப்பர்ல வந்த அன்னைக்கே பறிச்சிட்டு வந்துட்டாவ. தெனம் அரைச்சுத் தான்னாவ. காலையில கொஞ்சம் உள்ளுக்கு, மிச்சத்தப் புண்ணுக்கு. ஒங்கிட்ட சொல்லாண்டாம், ஆறுனப்புறம் காட்டுவோம்னு சொன்னாவ."

"மாத்திரை?"

"அத அன்னைக்கே நிறுத்தியாச்சு."

பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். அறுவைச் சிகிச்சைப் பிரிவில் டாக்டர் அந்தோணி. செத்த சதையைச் சுத்தம் செய்து, சீழ் எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறார்கள். ஊசி ஏறுகிறது. அப்பா அரைக்கண்ணில் என்னைப் பார்த்து, "ஆறிட்டு வந்துச்சு தாயி. நேத்துதான் லேசா..." என்றார். முடிக்கவில்லை.

ஜூன் 21, சனி

காய்ச்சல் இறங்கவில்லை. கறுப்பு பாதத்தின் நடுப்பகுதிக்கு வந்துவிட்டது.

நஸ்ரின் சாப்பாடு கொண்டுவந்தாள். அந்த நிருபர் ஒரு வரி சேர்த்துப் போட்டிருந்தால் இது நடந்திருக்காது என்றேன். அவள் என் முகத்தைப் பார்க்காமல் தூக்குவாளியைத் திறந்தாள்.

ஜூன் 22, ஞாயிறு

டாக்டர் அந்தோணி எங்களை வெளியே அழைத்துப் பேசினார். சீழில் வளர்ந்திருப்பது அதே வகைக் கிருமிதான். ஆனால் நான் ஆய்வகத்தில் வளர்ப்பதைவிடப் பிடிவாதமானது. ஒரே ஒரு ஊசி மருந்து மட்டும் கேட்கிறது. அதைத் தொடங்கியாயிற்று.

"ஆனா மருந்து ரத்தத்து வழியாத்தான் போகணும். செத்த எடத்துக்கு ரத்தம் போகாது. அங்க உக்காந்துகிட்டு அது மேல ஏறிட்டே இருக்கும். முழங்காலுக்குக் கீழே எடுத்துட்டா உயிரக் காப்பாத்திரலாம். நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள முடிவு சொல்லுங்க. அதுக்கு மேல நான் உறுதி சொல்ல மாட்டேன்."

அப்பாவிடம் நானே சொன்னேன். இன்று தெளிவாக இருந்தார். கேட்டுவிட்டு, வலது முழங்காலைத் தடவிக்கொண்டார்.

"சர்வீஸ் பூரா இந்தக் காலுதான் ஆக்சிலேட்டர மிதிச்சிருக்கு. ஒரு ஆக்சிடென்ட் கெடையாது. இத வெட்டிட்டு நான் என்னத்துக்கு?"

"எப்பா, உயிரு போயிரும்னு சொல்லுதாவ."

"அவுக அப்படித்தான் சொல்லுவாவ. ஒம்மருந்து இருக்குல்லா. நான் அரைச்சதுல பக்குவம் பத்தல. ஆய்வகத்துல வடிச்சு வச்சிருக்கியே, சுத்தமானது, அதக் குடு. அவுக ஊசியும் ஏறுது. ரெண்டும் சேந்தாத்தான்னு நீதானே சொன்னே?"

ஜூன் 3 அன்று நான் சொன்னதை ஒரு சொல் விடாமல் திருப்பிச் சொன்னார். கையெழுத்துப் போட மாட்டேன் என்று டாக்டரிடமும் சொல்லிவிட்டார். "எம்மவ பாத்துக்கிடுவா."

அதன் பிறகு ஆய்வகத்துக்குப் போனேன். அப்பாவின் கிருமியை என் ஆய்வில் ஒரு சோதனை மாதிரியாகச் சேர்க்கலாமா என்று மேடத்திடம் போனில் கேட்டேன். அவர் ஆஸ்பத்திரியில் பேசி அனுமதி வாங்கிக் கொடுத்தார். வேறு காரணம் எதுவும் நான் சொல்லவில்லை. வேறு காரணம் எதுவும் இல்லை. பிளேட்டுகளைப் போட்டு இன்குபேட்டரில் வைத்தேன். கேட்காத மருந்துகள், கேட்கிற அந்த ஒரு மருந்து, ஒவ்வொன்றும் தனியாக, ஒவ்வொன்றும் என் சாற்றோடு.

திரும்பும்போது ஃப்ரீசரில் இருந்த சாற்றுக் குப்பி ஒன்று ஐஸ் பையோடு என் கைப்பையில் இருந்தது.

அம்மா பார்த்துவிட்டாள். வார்டுக்கு வெளியே வராந்தாவில் உட்கார்ந்திருந்தோம்.

"இதா அது?"

"ஆமா."

"குடுத்துருளா. யாருக்கும் தெரியாண்டாம். ஏறுத மருந்துல ஊத்துனா அதுவும் சேந்து ஏறிரும்லா."

"எம்மா, இது இலைய ரசாயனத்துல ஊற வச்சு வடிச்சது. எலிக்குக்கூட இன்னும் குடுத்துப் பாக்கல."

"அப்போ எதுக்குக் கொண்டாந்தே?"

பையை மூடினேன். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் விரல் நகங்களில் இன்னும் அந்தப் பச்சை இருக்கிறது. இரண்டு நாளாகச் சோப்புப் போட்டுத் தேய்த்துக்கொண்டே இருக்கிறாள்.

இரவு முழுக்கப் பை என் மடியில்தான் இருந்தது.

ஜூன் 23, திங்கள்

ஆய்வகத்துக் காவலாளி வந்து கதவைத் திறக்கும் முன்பே போய் நின்றேன்.

இன்குபேட்டர் கதவைத் திறக்குமுன் சாமி கும்பிட்டேன். ஆய்வகத்தில் இதுவரை அப்படிச் செய்ததில்லை.

வளையம் இல்லை. பொட்டு பொட்டாகப் பார்த்தேன். கேட்காத மருந்தோடு என் சாறு சேர்ந்த பொட்டுகளின் விளிம்புவரை ஆடை கெட்டியாகப் படர்ந்திருந்தது. சாறு சேர்த்ததும் சேர்க்காததும் ஒன்றுபோல. அந்த ஒரே ஊசி மருந்தைச் சுற்றி மட்டும் அகலமான வளையம்.

அதோடு என் சாற்றைச் சேர்த்த பொட்டைப் பார்த்தேன். வளையம் சுருங்கியிருந்தது. அளவுகோல் வைத்து அளந்தேன். வேறு பிளேட்டிலும் அளந்தேன். சுருங்கித்தான் இருந்தது. அப்பாவைக் காப்பாற்ற மிச்சமிருந்த ஒரே மருந்தின் கையை என் சாறு பிடித்து இழுக்கிறது.

நஸ்ரின் வந்தபோது தரையில் உட்கார்ந்திருந்தேன். அவள் பிளேட்டை வாங்கிப் பார்த்தாள்.

"அதே கிருமியில வேற ரகம் ஆவுடை. ஒவ்வொண்ணும் ஒவ்வொரு மாதிரி. உனக்குத் தெரியாததா?"

பையிலிருந்து குப்பியை எடுத்து அவளிடம் நீட்டினேன். வெளியே எப்படிப் போனது என்று அவள் கேட்கவில்லை. வாங்கிக்கொண்டு கழிவுப் பெட்டிப் பக்கம் போனாள்.

பிளேட்டுகளைக் கைபேசியில் படம் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். அப்பாவுக்கு மறுபடி காய்ச்சல் ஏறியிருந்தது. கறுப்பு கணுக்காலைத் தொட்டுவிட்டது. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து படத்தைக் காட்டினேன்.

"இது உங்க புண்ணுல இருந்து எடுத்த கிருமி. இந்தப் பொட்டுல மருந்தும் என் சாறும் சேந்து இருக்கு. வளையம் தெரியுதா?"

கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். கண்ணாடியைக் கேட்டார். போட்டுவிட்டேன்.

"இல்லையே."

"இந்தா, இதுல உங்களுக்கு ஏத்துத ஊசி மருந்து தனியா இருக்கு. எவ்வளவு பெரிய வளையம் பாருங்க. இது அதே மருந்து, என் சாறும் சேத்தது."

"சின்னதா இருக்கு."

"ஆமாப்பா. நான் குடுத்தா உங்களக் கொன்னுருவேன்."

அவர் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். விரலால் திரையைத் தடவினார், படம் நகர்ந்துவிட்டது. திருப்பி வைத்துக் கொடுத்தேன்.

"பேப்பர்ல போட்டிருந்தாவளே."

"தப்பா போட்டுட்டாவ. போடுததுக்கு முன்னால எனக்கு அனுப்புனாவ. நான் ஒழுங்காப் படிக்காம சரின்னுட்டேன்."

இதை அவரிடம்தான் முதலில் சொல்ல வேண்டும் என்று இருந்திருக்கிறது.

அப்பா கண்ணாடியைக் கழற்றினார். "வளையம் விழுந்திருந்தா குடுத்திருப்பியா?"

கைபேசியை அணைத்துப் பைக்குள் வைத்தேன். அவரும் மறுபடி கேட்கவில்லை. பெருமூச்சு விட்டு, "அந்த டாக்டரக் கூப்புடு" என்றார்.

அப்பா கையெழுத்துப் போட்டார். அட்டையை நான் பிடித்துக்கொண்டேன். மாலையே அறுவை அரங்குக்குள் கொண்டுபோனார்கள்.

ஜூன் 24, செவ்வாய்

உயிரோடு இருக்கிறார்.

ஜூன் 27, வெள்ளி

காய்ச்சல் விட்டுவிட்டது. இன்று இட்லி கேட்டுச் சாப்பிட்டார். போர்வைக்குக் கீழே பார்க்க மறுக்கிறார்.

மேடத்தைப் போய்ப் பார்த்தேன். பத்திரிகைக்குத் திருத்தம் கொடுக்க வேண்டும் என்றேன். அப்பாவின் கிருமியில் வந்த முடிவையும் ஆய்வேட்டில் சேர்க்க வேண்டும் என்றேன். அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

"ஒரே ஒரு சாம்பிள்தானே ஆவுடை. திட்டக் குழு உக்காரப் போற நேரம். இத விட்டுட்டு எழுதலாம், அப்புறமாத் தனிக் கட்டுரையா போடலாம்."

"விட முடியாது மேடம்."

"உன் மூணு வருச உழைப்பு. என் திட்டம். இந்த ரூம்ல இன்னும் ரெண்டு பேரோட வேலை."

"தெரியும் மேடம். எங்கப்பாவுக்கு அந்தப் பொட்ட நான் காட்டியிருக்கேன். அவருக்குக் காட்டினத உங்க குழுவுக்குக் காட்டாம விட்டா நான் என்ன ஆராய்ச்சி பண்றேன்?"

அவர் எழுந்து ஜன்னல் பக்கம் போனார். என்னை வெளியே போகச் சொல்வார் என்று நினைத்தேன்.

"அப்ப ஒழுங்கா மறுபடி செஞ்சு போடு. ஒரு தடவை பாத்தத வச்சு எழுதாத. திருத்தத்துல என் பேரையும் சேத்துப் போடு. அந்த நிருபர வரச் சொன்னது நான்தான்."

ஜூலை 2, புதன்

திருத்தம் வந்திருக்கிறது. ஏழாம் பக்கம், கீழே, விரல் நீளம்.

அம்பாசமுத்திரத்துப் பெண்ணைப் பல தடவை கூப்பிட்டும் எடுக்கவில்லை. என்னென்னவோ நினைத்தேன். மாலையில் அவளே திரும்பக் கூப்பிட்டாள். "நீங்க அன்னைக்கு அந்தச் சத்தம் போட்டியளா, பயந்துபோயி மறுநாளே அம்மாவ ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிட்டோம் மேடம். இப்போ நல்லாயிருக்காவ."

நல்லது என்றேன். போனை வைத்துவிட்டுக் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். அன்று நான் போட்ட சத்தம் எங்கள் வீட்டுக்குள்ளும்தான் கேட்டது.

ஜூலை 9, புதன்

அப்பா வீட்டுக்கு வந்தாயிற்று. பக்கத்து வீட்டு ஆட்டோக்காரரும் நானும் கட்டிலில் இறக்கினோம். அம்மா ஆரத்தி எடுக்க வந்துவிட்டு, எங்கே சுற்றுவது என்று தெரியாதவள் போலத் தட்டோடு நின்றாள். அப்பாதான், "சுத்து பிரமு, கை வலிக்கப் போவுது" என்றார்.

திட்டத்தைக் குழு நீட்டிக்கவில்லை. ஆய்வேட்டை முடிக்க மட்டும் ஆய்வகத்தைப் பயன்படுத்தலாமாம். மேடம் போனில் சொன்னார். குரலில் கோபம் இல்லை. "நாளைக்கு வா. உங்கப்பா கிருமிய வச்சு இன்னும் ஏழெட்டு பிளேட் போடணும். எதுனால சுருங்குதுன்னு பாக்கணும்" என்றார்.

ஜூலை 13, ஞாயிறு

இன்று கட்டு மாற்றியது நான். தையல் காய்ந்திருக்கிறது. சிவப்பு இல்லை, வாடை இல்லை. அப்பா முதல் முறையாகக் குனிந்து பார்த்தார். தையல் நேராக இருக்கிறது என்றார். பிறகு தலையணையில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். மாத்திரையையும் தண்ணீரையும் கொடுத்தேன். வயிறு எரிகிறது என்று சொல்லிக்கொண்டே விழுங்கினார்.

எழுந்து போக இருந்தேன்.

"ஏ ஆவுடை."

"என்னப்பா?"

"சொன்னா சிரிக்கக் கூடாது. அந்தப் பெருவெரலு அரிக்கு."

"எந்தப் பெருவிரல்?"

"வலது. இல்லாத காலுதான். காலையில இருந்து சொறியணும் போல இருக்கு. ஒங்கம்மாகிட்ட சொன்னா அழுவா."

இப்படி வரும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். கால் போனது மூளைக்கு இன்னும் தெரியாது, போகப்போகத் தெரிந்துகொள்ளும் என்றார். அதையே அப்பாவிடம் சொல்லலாம் என்று வாயெடுத்தேன். அவர் முகத்தைப் பார்த்ததும் சொல்லவில்லை.

கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தேன். கட்டு முடிகிற இடத்திலிருந்து ஒரு கால் எவ்வளவு தூரம் நீளும் என்று மனதில் பார்த்து, அந்த இடத்தில் விரிப்பின் மேல் விரல் நகத்தால் மெதுவாகச் சொறிந்தேன்.

"கொஞ்சம் வலப்பக்கம்" என்றார், கண்ணைத் திறக்காமல்.

கையை நகர்த்தினேன்.

"ம். அங்கனதான்."